மேல் பல்

என் தாய்மாமனுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டும் வேலை. தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்கக் கண் இமைக்கும் நேரம்தான் இருக்கும் என்று அவரே பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு ஏழு மாதம்.

சாயங்காலம் அவன் பால் குடித்து முடித்ததும், ஈரத்துணியை விரலில் சுற்றி அவன் ஈறைத் துடைத்துவிடுவது என் பொறுப்பு. வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஒரு நாள் மேல் ஈறில் விரல் எதிலோ இடறியது. பார்த்தால், அரிசி நொய் போல வெள்ளையாக ஒரு முனை. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டேன். முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம், "மேல் பல்லு மொதல்ல மொளச்சா தாய்மாமனுக்கு ஆகாது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. யாருக்கும் தெரியாதவரை அது முளைத்ததாகவே ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். கூடவே, கீழ்ப் பல்லைச் சீக்கிரம் வரவழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. கீழ் ஈறை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தம்பி வீடே அதிர அலறினான். அம்மா ராகிக் கூழ் ஊட்டும்போது ஸ்பூன் பல்லில் பட்டுச் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து உரக்கப் பாடினேன்.

"ஏய், வாய மூடு. கொழந்த பயப்படுறான் பாரு" என்றாள் அம்மா.

நான்காம் நாள் வழக்கமான நேரத்துக்கு மாமா வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. மெஷினும் அவர் கையும் மாறி மாறிக் கண்முன் வந்தன. ஐந்தாவது பஸ்ஸில் இறங்கினார். ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. அதன் பிறகுதான் அழுகை வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா சிரித்தார். "அத நான் போன ஞாயித்துக்கெழமயே பாத்துட்டேன். என் வெரல கடிச்சப்பவே குத்துச்சு. அதெல்லாம் சும்மா! இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?"

எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்று நினைத்தேன். அவர் ஏன் தாமதமாக வந்தார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று ஷிப்ட் முடிந்தும் கிளம்பாமல், சூப்பர்வைசர் வெளியே வரும்வரை காத்து நின்று, அக்கா பிள்ளைக்குக் கீழ்ப் பல் முளைக்கிறவரை தன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொல்லி மாமா கெஞ்சியிருக்கிறார்.