முதல் வெற்றிலை

இருபத்தாறு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பதுளையில் ஒரு சிங்களப் பெண்ணை வைத்திருக்கிறேன் என்றார்கள். படிப்பு தலைக்கேறிவிட்டது என்றார்கள். எனக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று தண்ணீர் பிடிக்கும் பீலியில் வைத்து ஒருத்தி என் அம்மாவிடமே சொல்லியிருக்கிறாள். உண்மையான காரணம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். என் கல்யாண வெற்றிலையை, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. நமுனுகுல மலைச்சரிவில் இருந்த எங்கள் தோட்டத்தில் கல்யாணம் என்றால் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் பந்தல் போடுவார்கள். பெரிய கங்காணி வீட்டிலிருந்து அவனுடைய கைபிடி வைத்த நாற்காலி வரும். அவன் வந்து உட்கார்ந்த பிறகு, மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு போய் அவன் முன்னால் குனிந்து நிற்க வேண்டும். அவன் ஒரு இலையை எடுத்துக்கொண்டு "நடத்துங்க" என்பான். அதற்குப் பிறகுதான் சம்பந்திகள் தட்டு மாற்றுவார்கள், தாலி ஏறும். அந்த இலையை அவன் எடுக்காமல் எங்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அவனை "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் பதுளையில் தங்கிப் படித்த காலத்தில் ஒரு லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கி, காலில் சப்பாத்தும் கையில் விரித்த குடையுமாகக் கங்காணி வீட்டைத் தாண்டி நடந்தேன். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் வாசலில் இருந்தால் குடையை மடக்கி, காலில் இருப்பதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் லயத்துக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மழை பெய்யும்போது குடையை எதற்கு மடக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவன் பார்த்தான்.

மறுநாள் விடிகாலை எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு நானும் போனேன். அப்பா மறந்துவிட்டுப் போன, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுக்கத்தான் போனேன். கங்காணி அப்பாவை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டான்.

"என்னடா, ஒம் மகனுக்கு மழை பேஞ்சா குடை விரியுதோ?"

"சின்னப் பையங்க. தெரியாமப் பண்ணிட்டான்."

"தெரியாமப் பண்ணத்தான் பதுளைக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறியா?"

சொல்லிக்கொண்டே அறைந்தான். அப்பாவின் தலைத்துண்டு சேற்றில் விழுந்தது. அப்பா அதை எடுத்து உதறினார். மறுபடி கட்டவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். கத்தி என் கையில்தான் இருந்தது. அதன் பிடி எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

படிப்பு முடிந்து பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் சீலைக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்தேன். இனி எனக்கும் கங்காணிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஒன்றைத் தவிர. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த லயம்தான் வீடு. என் பந்தல் அங்கேதான் போட வேண்டும்.

அம்மா பெண் பார்க்கத் தொடங்கினாள். நான் கெடுக்கத் தொடங்கினேன். பெரகலைச் சந்தியில் கடை வைத்திருந்தவரின் மகளுக்கு மூக்கு சரியில்லை என்றேன். அந்தப் பெண்ணின் மூக்கில் ஒரு குறையும் இல்லை. பசறைப் பக்கம் ஒரு பெண்ணுக்கு உயரம் அதிகம் என்றேன். அடுத்தவளுக்கு உயரம் போதாது என்றேன். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு உறைப்பு சாப்பிடுவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கடைக்கே வந்து, கூறைச்சீலைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"சீலைக்கடையில ஒக்காந்துக்கிட்டு கூறைச்சீலை எடுக்காத ஒரே ஆள் ஒங்க மகன்தான்" என்றார் முதலாளி.

"நீங்களாவது சொல்லுங்க முதலாளி. நான் சொன்னா மூக்கு கோணல்ங்கிறான், காலு கோணல்ங்கிறான்."

"கோணல் இவன்ட மண்டையில. வேறென்ன?"

ஒரு நாள் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் வைத்து அம்மா நேராகவே கேட்டாள்.

"ஒரு வெத்தலடா. ஒரே ஒரு எல. ஆடு திங்கிறது."

"ஆட்டுக்குக் குடுக்குறேன். அவனுக்குக் குடுக்க மாட்டேன்."

"நீயா குடுக்கப் போற? அப்பாதான குடுக்கப் போறாரு?"

"அதுக்குத்தான் மாட்டேங்குறேன். அடி வாங்குனவரே போய்க் குனியணுமா?"

"அவரே அத மறந்துட்டாரு."

அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.  கத்தி கல்லில் உரசும் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி தொடங்கியது.

"அவன் அடிச்சது ஒரு அடி" என்றாள் அம்மா. "நீ அதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துற. எனக்கு வேற மருமக வேணும்."

இப்படியே போயிருக்கும். இடையில் இந்தியப் பிரஜையாகத் திரும்பிப் போக எழுதிக் கொடுத்திருந்தவர்களுக்குப் பாஸ்போட் வர ஆரம்பித்தது. அப்பாவும் அம்மாவும் போவதற்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் இங்கேயே இருக்கத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்களுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. தேயிலைத் தூரில் கால் வைத்துப் பிழைத்த இரண்டு பேர், பார்த்திராத திருச்சிப் பக்கத்து ஊருக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறப் போகிறார்கள்.

அன்றிலிருந்து அம்மாவின் கவலைக்கு வேறு முகம் வந்தது. கெஞ்சுவதை விட்டுவிட்டாள். சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது, யாரிடமோ சொல்வது போலச் சொல்வாள்.

"காய்ச்சல்ல கெடந்தா யாரு தண்ணி குடுப்பா? இங்கன இருந்தா பஸ்ஸு புடிச்சு வந்துருவேன். நடுவுல கடல் இருக்கு, ஓடியா வர முடியும்?"

அரசாங்கக் கச்சேரியில் பதிவு செய்துகொள்கிறேன், பந்தலே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கச்சேரியில சொத்துதான் எழுதுவாங்க. திருட்டுத்தனமா கட்டிக்கிட்டான்னு ஊரு பேசும். நான் பந்தல்ல பாக்கணும். பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

கொஸ்லந்தையில் அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறையில் ஒருவர் இருந்தார். அவருடைய மகள் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. அம்மா பேசி வைத்துவிட்டாள். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று நான் கிளம்பிப் போனேன். பிள்ளைக்காம்பரா வாசலில், இடுப்பில் அழுகிற பிள்ளையோடு நின்று அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத்த எல்லாம் சொல்லிட்டாங்க. ஒங்க கோவம் ஒங்க பெரிய கங்காணி மேல. அதுக்கு நான் ஏன் காத்துக் கெடக்கணும்?"

"காத்திருக்க வேணாம். முடியாதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

"அத ஒரு கடுதாசில போட்டாப் போதாதா? பெரகலையில பஸ்ஸு மாறி வந்து சொல்லணுமாக்கும்."

 அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நீங்க கட்டாம இருந்தா அந்த ஆளுக்கு என்ன மச்சான் நட்டம்? நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்குவாரு. பந்தலப் போட்டு, நாற்காலியப் போட்டு, ஊருக்கு முன்னால ஒக்கார வச்சு, அதுக்கப்புறம் வெத்தலயக் குடுக்காம விடணும். அதுல்ல கோவம்."

திரும்பி வருகிற பஸ்ஸில், அந்த ஒரு பேச்சுக்காகவே அவளைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அழகு, குணம், சாதகம் எதையும் நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக நான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிரியை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

சம்மதம் என்றதும் அம்மா அழுதாள். நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். பழத்தட்டோடு போய்க் கங்காணியைத் தானே அழைத்துவிட்டு வந்தாள். என் ஏற்பாடு எனக்கும் கொஸ்லந்தைப் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா தட்டோடு குனியும்போது நான் மணையை விட்டு எழுந்து போய்த் தட்டை வாங்கி, அப்பாவிடமே முதல் இலையைக் கொடுப்பேன். நினைக்க நினைக்க இனித்தது. முதலாளியின் கடையில் கணக்கை இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன்.

கல்யாணத்தன்று வெயில். நாற்காலி வந்தது, அவன் வந்தான், உட்கார்ந்தான். அப்பா புதுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டோடு போய்க் குனிந்தார். கங்காணி தட்டைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் மேல்மலைக் கொழுந்தைப் பற்றி ஏதோ கேட்டான். அவர் பதில் சொன்னார். இன்னொன்று கேட்டான். அது அவன் வழக்கம். குனிந்தவனைக் குனிந்தபடியே நிறுத்திவைத்தால்தான் அவனுக்கு உட்கார்ந்தது போல இருக்கும். தட்டு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பாக்கு உருண்டு கீழே விழுந்தது.

நான் எழப்போனேன். பக்கத்து மணையிலிருந்து அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்க. அத்தையப் பாருங்க."

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவசரமில்லாமல், கொழுந்துக் கூடையை எடுக்கப் போகிறவள் போல வந்து, "குடுங்க இப்படி" என்று அப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். கங்காணி இப்போதுதான் திரும்பினான். கையை நீட்டினான்.

அம்மா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"நிமிருங்க" என்றாள் அப்பாவிடம். "மொதல்ல நீங்க எடுங்க."

 அப்பா தட்டைப் பார்த்தார். நீட்டியிருந்த கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு இலையை எடுத்து, துண்டில் துடைத்து, காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "சுண்ணாம்பு எங்க?" என்று கேட்டார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"என்ன இது?" என்றான் கங்காணி. "மொற தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியுங்க" என்றாள் அம்மா. "பெத்த தகப்பனுக்கு மொதல் வெத்தல. திருச்சிப் பக்கம் ஊருல அப்படித்தானாம். நாங்க ஊருக்குத்தான போறோம். இங்கயே பழகிக்கிறோம்."

அவனால் எழுந்து போக முடியவில்லை. எழுந்தால் தோற்றதாகிவிடும், உட்கார்ந்திருந்தாலும் அதே கதைதான். உட்கார்ந்தே இருந்தான். தட்டு சம்பந்தியிடம் போய், தப்பு மேளம் அடித்தவரிடம் போய், லயத்து ஆண்கள் எல்லோரையும் சுற்றிவிட்டு அவனிடம் வந்தபோது இரண்டு வாடின இலைதான் மிச்சம். அவன் எடுக்கவில்லை. தாலி கட்டும்போதுகூட நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாத்து முடிச்சப் போடுங்க" என்றாள் என் மனைவி.

கங்காணி பதிலுக்குச் செய்யக்கூடியதைச் செய்தான். இந்தியாவுக்குப் போகிறவர்களின் சாமான்களை ஸ்டேசனுக்கு ஏற்ற தோட்டத்து லொறி போகும்; எங்கள் வீட்டுக்கு லொறி இல்லை என்று சொல்லி அனுப்பினான். லயத்துச் சனங்கள் தகரப்பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டு வரை இறக்கினார்கள், அதுவும் அவன் வீட்டு வாசல் வழியாக. அப்பா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை இல்லை.

பதுளை ஸ்டேசனில் அம்மா மருமகளிடம் எனக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று ரயில் நகரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் வந்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் நான் பல வருஷமாகப் பார்த்த அந்தக் கலக்கம் அதில் இல்லை. கடைசியாக என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள். குழந்தை பிறந்தால் எழுது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"கங்காணிப் பெரியவரு செத்துட்டா ஒரு வரி எழுதிப் போடு."

"எதுக்கும்மா?"

"அன்னிக்கு ஒங்கப்பாவுக்குக் கறி ஆக்கிப் போடணும்."

அப்பா பக்கத்து சீட்டில் வெளியே பார்த்தபடி இருந்தார். அவர் மறந்துவிட்டதாக இத்தனை வருஷம் எனக்குச் சொன்னவளும் இவள்தான்.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு கங்காணி வேலையும் இல்லாமல் போய்விட்டது. அவன் வாசலில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது பிடித்து எழுதுவிக்கிறாள். பேத்தியை விசாரித்து, மருமகளை விசாரித்து, கடைசியில் தவறாமல், "பெரியவர் சுகமா?" என்று கேட்டிருப்பாள். எழுதுகிற பிள்ளை அவளை எவ்வளவு நல்ல மனசுக்காரி என்று நினைக்குமோ தெரியவில்லை.

கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்களிடம் விசாரித்துத்தான் நான் பதில் போடுகிறேன். போன முறை எழுதினேன்: இருமல் கூடியிருக்கிறதாம், ஆனால் சாப்பாடு இறங்குகிறதாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.