தொட்டியை வழிக்கிற கை

என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், சாப்பிட்டு எழுந்த தட்டைக் கழுவவே வேண்டாம். அப்படி வழித்து வைத்திருப்பார். பற்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரித்து உள்ளே விரலை விடுகிற ஆள். "உன் அத்தானைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரே ஒரு லாபம்டா, பாத்திரம் தேய்க்கிற வேலை மிச்சம்" என்று அக்கா சிரிப்பாள்.

தார் ரோடு போடும் மெஷினை ஓட்டுவது அவர் வேலை. பிளான்டிலிருந்து சூடான தார்க்கலவையை லாரியில் கொண்டுவந்து அந்த மெஷினின் முன்பக்கத் தொட்டியில் கொட்டுவது என் வேலை. மெஷின் அதை வாங்கிப் பின்பக்கமாகப் பரப்பிக்கொண்டே போகும், ரோலர் வந்து அமுக்கும். ஒவ்வொரு லாரியும் கொட்டிவிட்டு நகர்ந்ததும் அத்தான் லீவரை இழுப்பார். தொட்டியின் இரண்டு பக்கத் தகடுகளும் மடங்கி மேலே எழும். மூலைமுடுக்கில் ஒதுங்கியதெல்லாம் நடுவே சரிந்து, ஒரு ஜல்லிகூட மிச்சமில்லாமல் உள்ளே போன பிறகுதான் அடுத்த லாரியைக் கூப்பிடுவார். மற்றவர்களின் தொட்டியில் பழைய கலவை இறுகிக் கிடக்கும். இவருடையது பளபளவென்று இருக்கும். எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயரே 'சுத்தம்'தான்.

பெருமைக்கும் குறைச்சல் இல்லை. குடும்பத்தோடு எங்கே போனாலும் ஜன்னல் வழியே கையை நீட்டி, "இது நான் போட்ட ரோடு" என்பார். அக்கா மகளை வேலைக்குப் போகிற வயதிலும் நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் வானத்தில் நிலாவைக் காட்டி, "அதையும் நீங்கதானேப்பா போட்டீங்க?" என்று அவரை வாருவாள்.

அந்தப் பெண்தான் பாலத்து ரோட்டில் விழுந்தாள். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் அங்கே வரிசையாகப் பள்ளங்கள். அவள் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து, கால் எலும்பு முறிந்தது. பாலத்து ரோடும் அத்தான் போட்டதுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "லாரிக்காரனுங்க எல்லாத்தையும் ஒரே குவியலா ஏத்திட்டு வந்தா ரோடு எப்படிடா நிக்கும்? உங்க அவசரத்துக்கு எம் பொண்ணு காலாடா கிடைச்சுது?"

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. கலவையில் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மணல், தார் எல்லாம் உண்டு. ஒரே குவியலாகக் கொட்டினால் பெரிய ஜல்லி உருண்டு ஓரத்துக்கு ஓடிவிடும். அது மட்டும் போய்ச் சேருகிற இடத்தில் ரோடு சல்லடைதான். தண்ணீர் இறங்கும், பெயர்ந்துகொண்டு வரும். ஆனால் நாங்கள் அப்படி ஏற்றுவதை விட்டு எவ்வளவு காலமாயிற்று! லாரியை நகர்த்தி நகர்த்தி முன்னால் ஒரு குவியல், பின்னால் ஒன்று, கடைசியில் நடுவே ஒன்று என்றுதான் ஏற்றுகிறோம். சொன்னால் யார் காதில் விழுந்தது? பாப்பா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தூக்கி வளர்த்த பெண்.

அடுத்த ரோடு போடும்போது, சூட்டைப் படம் பிடிக்கிற கேமராவோடு தரம் பார்க்கிற அம்மா ஒருவரைக் கம்பெனி அனுப்பியது. அவர் மெஷினுக்குப் பின்னாலேயே நடந்தார். படத்தில் புதுத் தார் எங்கும் மஞ்சள். லாரி மாறுகிற இடத்தில் மட்டும் சூடு குறைந்து நீலமாக ஒரு திட்டு, ஒவ்வொரு தடவையும்.

"நான்தான் சொன்னேனே, லாரிதான்" என்றார் அத்தான்.

"லாரி சரியாத்தாங்க ஏத்தியிருக்கு. தொட்டி ஓரத்துல பெரிய ஜல்லி ஒதுங்கி ஆறிப்போய் நிக்குது. நீங்க தகட்டை மடக்கினதும் மொத்தமும் ஒரே இடத்துல போய் விழுது. மடக்காதீங்க. தொட்டி காலியாகறதுக்கு முன்னாடியே அடுத்த லாரியைக் கூப்பிடுங்க."

"மெஷினை எச்சித் தட்டு மாதிரி போட்டு வைக்கச் சொல்றீங்களா?"

"ஒரு தடவை வச்சுத்தான் பாருங்களேன்."

அத்தானின் கை தானாக லீவருக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த லாரி என்னுடையது. கொட்டிவிட்டு இறங்கி ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தேன். நீலத்தைக் காணோம். "இப்ப என்ன சொல்றீங்க?" என்று நாலு பேர் கேட்கக் கத்தலாம் என்று திரும்பினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாயை மூடிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டேன்.

அன்று மாலை அவரே என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பாப்பாவின் கட்டிலருகே நின்றார்.

"லாரி இல்லம்மா. மாமா மேல ஒரு தப்பும் இல்ல. தொட்டியை வழிச்சு வழிச்சு நான்தான்..."

"விடுங்க. வேணும்னா செஞ்சீங்க?" என்றாள் அக்கா.

பாப்பா என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். "அப்ப நான் போட்டது, நான் போட்டதுன்னு காட்டுவீங்களே, அந்த ரோடெல்லாம்?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். என் தலையிலிருந்த பழி இறங்கியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

கட்டு மாற்றுவதற்கு ஒரு கூட்டாளியின் காரை இரவல் வாங்கி நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் பாப்பாவின் கால் அவர் மடியில். பாலத்து ரோடு வேண்டாம் என்று மார்க்கெட் ரோடு வழியாகப் போனோம். நல்ல ரோடு, ஒரு பள்ளம் கிடையாது. கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.

"மாப்ள, மெதுவா. முன்னாடி ஒண்ணு வரும்."

பார்த்தேன். சொரசொரவென்று ஒரு திட்டு, அவ்வளவுதான். கார் லேசாகக் குலுங்கியது. கண்ணாடியில் பார்த்தால், கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் மடியிலிருந்து தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"பள்ளம் எங்க அத்தான்? ரோடு நல்லாத்தானே இருக்கு."

"ஆகும். இன்னும் ஒரு மழை போதும்."

கொஞ்ச தூரம் போனதும், "அந்தக் கம்பத்துக்கிட்ட ஒண்ணு" என்றார். இருந்தது.

"இதுவும் நீங்க போட்டதாப்பா?" என்று பாப்பா கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை.

"ஆமாம்மா" என்றார். பிறகு என் தோளைத் தொட்டார். "மெதுவாப் போ மாப்ள, அடுத்தது வருது."