கிள்ளான் வீரர் கல்லும் ஒரு ஜோடி இரவல் ஷூவும்

பேரனைப் பார்க்க வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் மாமனார் இரண்டு மாதமாகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் இருக்கிறார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் லேசில் அசர மாட்டார். இரட்டைக் கோபுரத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, “ரெண்டு எதுக்கு மாப்ள?” என்றார். அதோடு ஊர் சுற்றிக் காட்டும் ஆசை எனக்கு விட்டுப்போயிற்று.

ஆனால் போன சனிக்கிழமை விஷயம் வேறு. அது அவருடைய பட்டாள நண்பர் தர்மன் இறந்த நாள். ஊரில் இருந்தால் அன்று காலை சரியாகப் பதினோரு மணிக்கு, ஊர் முனையில் இருக்கும் வீரர் தூணுக்கு முன்னால் நின்று ஒரு சல்யூட் அடிப்பார். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. எங்கள் நிச்சயதார்த்தம் அதே நாளில் வந்தது. தட்டு மாற்றும் நேரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணோம் என்று என் சித்தப்பா குதித்தது இன்னும் நினைவிருக்கிறது.

“இங்க நான் எங்க போய் நிப்பேன் மாப்ள?” என்று புதன்கிழமை கேட்டார். ஆறு வருடமாக இங்கே இருந்துகொண்டு, பயணக் கட்டுரை வேறு எழுதிக்கொண்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது? மேப்பைத் துழாவினேன். கிள்ளானில் ஒரு குன்றின் மேல் ஒரு நினைவுக்கல் அகப்பட்டது. ஈயத்துக்கு யார் வரி வாங்குவது என்று ஒரு காலத்தில் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களுக்கானது. “பார்க்கிங் ஓகே, கொசு உண்டு” என்று யாரோ நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

காலை 8:52க்கு கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில். இருவருக்கும் சேர்த்து ஒன்பது ரிங்கிட் எண்பது சென். நடுவில் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி பெண்களுக்கானது. அது தெரிந்தும் அவசரத்தில் அதில்தான் ஏறினோம். மாமா நான்கு பெண்களின் முறைப்பைத் தாங்கிக்கொண்டு லெஃப்ட் ரைட் போட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. முந்தின நாள் ஒரு மணிநேரம் பாலிஷ் போட்ட பூட்ஸ் அந்தப் பைக்குள் இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

10:05க்குக் கிள்ளான். ஸ்டேஷன் எதிரே டீ, ஒன்றுக்கு இரண்டு ரிங்கிட் இருபது சென். குன்றுக்கு 1.8 கிலோமீட்டர்தான், ஆனால் வெயில் மண்டையைப் பிளந்ததால் கார் பிடித்தோம். ஆறு ரிங்கிட்.

“சோல்ஜர் கல்லா? அப்படி ஒண்ணும் இங்க இல்லயே பாஸ்” என்றார் டிரைவர் அண்ணன். போனில் படத்தைக் காட்டினேன். “அட, இது கல்யாண போட்டோ எடுக்கிற இடம் லா! முன்னமே சொல்லக் கூடாதா?”

10:31க்கு மேலே போய் இறங்கினோம். டிரைவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இடுப்பளவு உயரக் கல். அதன் மேல் சாய்ந்தபடி கோட்டு சூட்டில் ஒரு மணமகன், பக்கத்தில் சிவப்புப் பட்டுடுத்திய மணப்பெண். புகை போடும் மெஷினோடு ஒரு போட்டோகிராபர்.

மாமா அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். உள்ளே குழந்தையின் நாப்கின் பன்னிரண்டு, ஒரு டப்பா பிரசவ லேகியம்.

ஒரே கடையில் துணி எடுத்தால் ஒரே மாதிரிப் பைதான் கொடுப்பான். எங்கள் வீட்டில் அந்தப் பை ஏழு இருக்கிறது. அதே நேரம் என் மனைவி போனில் கத்தினாள். “அப்பா பூட்ஸ் இங்க இருக்கு. நாப்கின எங்க கொண்டு போனீங்க?”

மணி 10:38. டவுன் செருப்புக் கடைக்குப் போய்வர நேரமில்லை, பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் கார் வரும் என்றது போன். என் காலில் இருந்ததோ ஓட்டை ஓட்டையான ரப்பர் செருப்பு. “பரவாயில்ல மாமா, மனசுதானே முக்கியம்” என்றேன். அவர் கை நாப்கினை மடித்து மடித்து வைத்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வெட்கத்தை விட்டு மணமகனிடம் போனேன். பெயர் சரண். விஷயத்தைச் சொன்னதும் தன் பளபள ஷூவைக் குனிந்து பார்த்தார்.

“அங்கிளுக்கு என்ன சைஸ்?”

“ஒன்பது.”

“நான் எட்டு லா. பத்து நிமிஷம் தாங்கிருவாரா?”

“அஞ்சு மணி நேரம்கூடத் தாங்குவேன்” என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே மாமா கேட்டார். “மாப்ள, இதுல யாரு? எந்தப் பக்கத்து ஆளுங்க?” கல்லில் மலாய் மொழியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இரு பக்கமும்தான் என்றேன். “ஒரே கல்லுல வெச்சிட்டாங்களா? நல்லது. இனிமே அடிச்சுக்க முடியாது.”

10:59க்குப் புகை மெஷின் நின்றது. பதினோரு மணிக்கு ஒரு சல்யூட். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இருக்காது. மாமாவின் ரப்பர் செருப்பில் நின்றுகொண்டு சரணும் அசையாமல் இருந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க அங்கிள், செருப்போட பண்ணா என்ன?” என்று பிறகு கேட்டார்.

மாமா ஷூ நாடாவை அவிழ்த்தார். “அன்னிக்கு டியூட்டி எனக்குத்தான். காய்ச்சல்னு படுத்திருந்தேன். தர்மன் ஷூ அடி விட்டிருந்துச்சு. என்னுத மாட்டிக்கிட்டு எனக்குப் பதிலா போனான்.”

மாமா வேட்டி முனையால் ஷூவை இரண்டு முறை துடைத்தார்.

“நீங்களே வச்சிக்கோங்க அங்கிள்” என்றார் சரண்.

“வேணாம் தம்பி. இரவல் போன ஷூ வீட்டுக்குத் திரும்பி வரணும்.”

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரைக்குள் கிளம்புங்கள். குன்றின் மேல் கடையோ தண்ணீரோ கிடையாது. கொசு உண்டு, நான்கு நட்சத்திரக்காரர் பொய் சொல்லவில்லை. சனி, ஞாயிறு கல்யாண ஜோடிகள் இருப்பார்கள், கேட்டால் விலகிக்கொள்வார்கள். முக்கியமாக, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பையைத் திறந்து பாருங்கள்.

தர்மன் கதை என் மனைவிக்கே தெரிந்திருக்கவில்லை. மாமா பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் போதெல்லாம், “எந்தப் போருக்கு மாமா?” என்று நான் கேலி செய்திருக்கிறேன். மறுநாள் காலை அவர் பிரஷ்ஷை எடுத்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் போடட்டுமா என்று கேட்டேன்.

“உங்களுக்கு வராது மாப்ள” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இடது கால் பூட்ஸை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார்.