விலகத் தெரிந்தவர்

சங்கரன்கோவிலில் ஞாயிறு காலைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களோடு டாட்ஜ்பால் ஆட வந்த அந்த விசைத்தறிக்காரர், தலைமுடியில் பஞ்சுத் தூசியோடுதான் வருவார். ஒல்லியான உடம்பு. எறிந்த பந்து மேலே படாமல் விலகுவதில் அவருக்கு ஈடு எங்கள் அணியில் யாருமில்லை. பந்தைப் பார்க்க மாட்டார்; எறிபவனின் தோளைத்தான் பார்ப்பார். அதை அவரைப் பார்த்துத்தான் நானும் பழகினேன்.

ஆனால் எதிராளி கையை ஓங்கியதும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே எங்கள் ஆள் யாராவது நின்றால் நகரவே மாட்டார். பந்தை நெஞ்சில் வாங்கி, அவுட்டாகி வெளியே போய்விடுவார். அப்படியே பல ஆட்டங்கள் தோற்றோம்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்: "விலகத் தெரியும்லா? ஏன் வே மரம் மாதிரி நின்னீரு?"

தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தறியில நூலோட குறுக்க ஓடுத, இரும்புமுனை வச்ச நாடாக்கட்டை ஒருநா தெறிச்சு வந்துச்சு அண்ணாச்சி. சட்டுன்னு விலகிட்டேன். பின்னால நின்னவருக்கு ஒரு கண்ணு போச்சு."

அதன்பிறகு ஆட்டத்தில் அவருக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை என்று முடிவுசெய்தோம்.

அடுத்த வாரம் வாசுதேவநல்லூர் அணியோடு ஆட்டம். நாங்கள் எல்லாரும் அவுட். அவர் மட்டும் மிச்சம். எதிராளி கையை ஓங்கினான்.

"பின்னால ஆளில்ல, விலகும் வே" என்று வெளியிலிருந்து கத்தினேன்.

திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடச் சுவர் மட்டும்தான் இருந்தது. அவர் நகரவில்லை.

அங்கே யார் நின்றது என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை.