குட்டை அங்கி

பட்டமளிப்பு விழாவுக்கென்று கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்ட மகள், "அம்மா, கழுத்து உரசுது" என்றாள். துணி கஞ்சியில் மொடமொடத்தது. பட்டனைச் சரிசெய்யக் கிட்டே போனபோது அந்த மணம் மூக்கில் ஏறியது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு முழுக்க இந்த மணம்தான்.

இந்தப் பல்கலைக்கழகம் அப்போது அக்கரையில், தென்னந்தோப்புக்குள் ஒரு சின்னக் கல்லூரி. அதை நடத்திய இயேசு சபைப் பாதிரியார்களின், எங்கள் வாயில் அச்சன்மாரின், வெள்ளை அங்கிகளை அப்பாதான் வெளுத்தார். அப்பாவே போய் மூட்டையைப் படகில் எடுத்து வருவார். அச்சன்மாரை நான் பார்த்ததில்லை; கொடியில் தொங்கும் அங்கிகளை வைத்தே தெரியும். பையில் சாக்பீஸ் தூள் இருந்தால் கணக்கு அச்சன். அமிலம் அரித்த ஓட்டை இருந்தால் கெமிஸ்ட்ரி அச்சன். எல்லாவற்றிலும் குட்டையானது பிரின்சிபல் அச்சனுடையது.

மூட்டையைக் கொடுக்கும்போதெல்லாம் அவர் அப்பாவிடம் சொல்வாராம்: "கஞ்சி கொஞ்சம் மதி, கொஞ்சம் போதும், அண்ணாச்சி. கழுத்து உரசுது."

அப்பா கேட்கவே மாட்டார். "கசங்கின அங்கியோட அச்சன் கிளாஸுக்குப் போனா எனக்குல்லா கொறச்சல்" என்று சொல்லிக்கொண்டே கெட்டிக் கஞ்சியில் முக்கியெடுப்பார்.

ஒரு மழைநாளில் அந்தக் குட்டை அங்கி மட்டும் தனியாக வந்தது. பிரின்சிபல் அச்சன் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு அதைத்தான் உடுத்தப் போகிறார்கள். அம்மா வழக்கம்போல் கஞ்சிச் சட்டியை எடுத்து வந்தாள்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "கழுத்து உரசும்."

மேடையில் பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். என் கைக்குட்டையை மடித்து மகளின் கழுத்துப்பட்டிக்குள் வைத்தேன்.