கோட்டை வாசலில் மனு வாங்கியவர்

ஒரு தோட்டாகூடச் சுடாத சிப்பாய் ஒரு கோட்டையைக் காத்தார் என்று சொல்லலாமா? சங்கராபுரம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் மாயவனை முன்னிட்டு, அவர் ஊர் டீக்கடையில் இந்தக் கேள்வி பத்து வருடமாகத் தீராமல் கிடக்கிறது.

"இன்னா ஹவில்தாரே, மூணு நாள் சண்டையில ஒரு குண்டு கூடச் சுடலியாமே. அப்புறம் இன்னாத்துக்கு உனக்குப் பென்சன்?" என்பார் பக்கத்து நிலத்துக்காரர் வெங்கடேசன்.

"சுடாததாலதான்டா நான் வந்து வாங்கறேன். சுட்டிருந்தா என் பொண்டாட்டி வாங்கிக்கினு இருப்பா."

மனைவி செந்தமிழ்ச்செல்வியிடம் கேட்டால் வேறு குறை. "வூட்டுக்கு வந்த என் தம்பியவே வாசல்ல நிக்க வச்சு, எதுக்கு வந்தன்னு கேக்கறாருங்க. அந்தக் கோட்டையில புடிச்ச வியாதி."

கோட்டை இருந்தது ஆப்பிரிக்காவில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில். ஆற்றங்கரையில் பழைய மண்கோட்டை. அமைதி காக்கப் போன இந்தியப் படையின் ஒரு பிரிவு அதில் தங்கியிருந்தது. மாயவன் அங்கே ஸ்டோர் பொறுப்பாளர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கொசுவலை எல்லாம் அவர் கணக்கு. பஞ்சாப்காரரான கேப்டன், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பாதிப் படையோடு தலைமை முகாமுக்குப் போனார். போன பாதை அன்றே அடைபட்டது. அதே நாளில் பக்கத்து ஊர்கள் எரிந்து, ஒரே இனத்தைச் சேர்ந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். இருந்த பதினான்கு சிப்பாய்களில் மூத்தவர் மாயவன்தான்.

மறுநாள் காலை அவர்களைத் துரத்தியவர்கள் வந்தார்கள். இருநூறு பேர், வண்டிகளில் துப்பாக்கி. தலைவனுக்குக் கமாண்டர் என்று பெயர். கரும்பு வெட்டும் ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி போலவே இடுப்பில் கைவைத்து நின்றதால், மாயவனுக்கு அவன் மேஸ்திரி ஆகிவிட்டான்.

"உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்பு. நாங்கள்தான் இனி இந்த நாட்டின் அரசாங்கம்" என்றான் மேஸ்திரி. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த பள்ளி ஆசிரியர் ஜோசப் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் மாயவனுக்குச் சர்க்கரை ஆலை வாசல் ஞாபகம் வந்தது. ராணுவத்தில் சேருமுன் கரும்பு வண்டியோடு இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடந்த வாசல். எந்த ஆலை என்று கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த வருடம் கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லும் கட்டிங் ஆர்டர் ஆலையிலிருந்து வராதாம்.

"அங்க எவனும் முடியாதுன்னு சொன்னதே கெடையாதுங்க. முடியாதுன்னா சண்டை வரும். பாக்கலாம்னு சொன்னா மனுசன் நின்னுக்கினே இருப்பான்."

வாசலில் மேசை போட்டு, ஸ்டோர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு மாயவன் கேட்டார்: "பாக்கலாம் சார். மனு இருக்குதா?"

மேஸ்திரி திகைத்தான். அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டவன், காகிதம் கேட்டால் இல்லையென்பது எப்படி? எழுதிக் கொடுத்தான். முத்திரை இல்லை என்று மனு திரும்பியது. முத்திரை செய்ய ஆள் போய்வர மதியமாகிவிட்டது. பிறகு, உள்ளே இருப்பவர்களின் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர் எல்லாம் பதிய வேண்டும் என்றார் மாயவன். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவர் அவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியதை ராணுவம் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மேஸ்திரி மேசையைத் தட்டினான். "உன் கேப்டனைக் கூப்பிடு!"

"குளிக்கிறார் சார்."

"இரண்டு மணி நேரமாகவா?"

"இன்னிக்குச் சனிக்கிழமைங்க. எண்ணெய் தேய்ச்சு ஊறணும். அப்புறம் சீக்காய். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சவர் வெயில்ல தலை காட்டக் கூடாது, சூடு ஏறிக்கும்."

பஞ்சாப் கேப்டன் அப்போது எண்பது மைல் தொலைவில் இருந்தார். சீயக்காயை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஜோசப் முகம் மாறாமல் மொழிபெயர்த்தார். மேஸ்திரி வானத்தில் சுட்டான். அடுத்த குண்டு தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. மாயவன் நிமிராமல், தொட்டிச் சேதத்துக்குத் தனி மனு வேண்டும் என்றார்.

இதையெல்லாம் வீரம் என்று எடுத்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம். எழுதும்போதே ரிஜிஸ்டரில் மீதிப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்ததை மாயவனே சொல்கிறார். பக்கம் தீர்ந்தால் அடுத்து என்ன கேட்பதென்று தனக்கே தெரியாது என்கிறார். அன்று மாலை மேஸ்திரி கெடு வைத்தான்: நாளை காலை பத்து மணி. அதற்குமேல் காகிதம் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் ஆற்றின் அக்கரையிலிருந்து வேட்டுச் சத்தம். மேஸ்திரியின் எதிர்த்தரப்புப் படை வந்துவிட்டது. இருநூறு பேரும் ஒரு மணி நேரத்தில் சிதறினார்கள். ஒன்பதரைக்கு வாசலில் ஒருவன் மட்டும் நின்றான். தோளில் ரத்தம், கையில் துப்பாக்கி இல்லை. மேஸ்திரி.

ஆயுதத்தைப் போட்டுவிட்டு வருகிறவரைப் பெயர் பதிந்து உள்ளே விடலாம் என்பது அமைதிப் படையின் விதி. உள்ளே இருந்தவர்கள் வேண்டாம் என்று கத்தினார்கள். தம்பியை அவன் ஆட்களிடம் பறிகொடுத்த ஜோசப், "மனு கேளுங்கள். முத்திரையோடு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வண்டிகளின் சத்தம் நெருங்கியது.

மாயவன் ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை. கதவைத் திறந்தார். அவனை இழுத்துக்கொண்டுபோய் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, ஸ்டோர் அறையைப் பூட்டி, வாசற்படியில் தானே உட்கார்ந்துகொண்டார். அவனைத் துரத்தி வந்த எதிர்த்தரப்பினர் கேட்டபோது, உள்ளே இருக்கும் எல்லாருடைய பெயரும் இதில் இருக்கிறது என்று ரிஜிஸ்டரை நீட்டினார். அதில் மேஸ்திரியின் பெயர் இல்லாததால் அவர்கள் போய்விட்டார்கள்.

மதியம் பாதை திறந்து கேப்டன் திரும்பினார். ரிஜிஸ்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு, தலை எண்ணினால் முந்நூற்றுப் பதின்மூன்று. "இவனை ஏன் உள்ளே விட்டாய்? விட்டபின் பெயரை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். மாயவன் விறைப்பாக நின்றார். ஜோசப்பும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாயவன் ரிஜிஸ்டரைத் திறந்து, முந்நூற்றுப் பதின்மூன்றாவது வரியில் பேனாவை வைத்து, மேஸ்திரியிடம் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர் கேட்டார்.