கயிற்றில் குடியேறிய கடல்

மேலூருக்குக் கிழக்கே, கண்மாய் நீரை நம்பியிருந்த ஊரில் பிறந்த எனக்குக் கடல் என்பது பள்ளிப் புத்தகத்தில் நீலம் தீட்டிய ஓரிடம் மட்டுமே. ஆயினும் எங்கள் அடுப்பு எரிந்தது அந்தக் கடலை நம்பித்தான். வெள்வேல மரப்பட்டையை உரித்து உலர்த்திக் கட்டுக்கட்டாகத் தொண்டிக் கரைக்கு அனுப்புவது என் தந்தையாரின் தொழில். அங்குள்ள மீனவர் பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் செஞ்சாற்றில் வலையையும் கயிற்றையும் ஊறவைப்பர். சாறு நன்கு ஏறிய நூலைப் பாசியும் சிப்பியும் எளிதில் அண்டா. மழையில் நனைந்த பட்டையிலோ சாறு தங்காது.

ஒருமுறை பெற்றோர் என்னைப் பக்கத்திலேயே இருந்த அத்தை வீட்டில் விட்டு, வெளியூர்த் திருமணத்துக்குச் சென்றிருந்தனர். மேகம் கறுத்தால் எங்கள் முற்றத்தில் காயும் பட்டையைச் சாக்கால் மூடவேண்டியது என் பொறுப்பு. நான் மூடவில்லை. முற்றமெங்கும் சிவப்பாய் ஓடிய நீரின் அழகைக் கண்டு நின்றுவிட்டேன். பின்பு இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கட்டிவைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து, வாடிக்கை மீனவர் ஒரு மண்பானையுடன் பேருந்தில் வந்திறங்கினார். பானையில் கடல்நீர், அதனுள் ஒரு சாண் வலைக்கயிறு. கயிறே தெரியாதபடி வெள்ளைச் சிப்பிகள் அப்பியிருந்தன. அவற்றைக் கொட்டலசு என்றார்.

"வலை கல்லாக் கனக்குதுண்ணே, தூக்க முடியல. நனைஞ்ச பட்டையா?"

நனைந்ததென்றால் இனி வேறு ஊரில் வாங்கிக்கொள்வதாகத் தந்தையாரிடம் அமைதியாகவே சொன்னார்.

நான் பானையருகே குந்தியிருந்தேன். அசைவற்ற நீரில் சிப்பிகளின் வாய் ஒவ்வொன்றாகத் திறந்தது. மயிரிழையால் செய்த விசிறிகள் வெளிவந்து, எவரையோ அழைப்பனபோல நீரை வளைத்து இழுத்தன.

தந்தையார் என் உச்சந்தலையில் கை வைத்தார்.

"எம் மக மேல சத்தியம். ஒரு சொட்டுத் தண்ணி படல."

அந்தக் கையின் கீழிருந்தே நான் கேட்டேன்: "மழையில நனைஞ்சத நாந்தேன்ப்பா காயவச்சேன். இம்புட்டு உசுரும் அதனாலயா வந்துச்சு?"

கை மெல்ல விலகியது. மீனவர் எழுந்து துண்டை உதறித் தோளில் இட்டார். தந்தையார் தலை தாழ்ந்தது. அவரும் அந்த விசிறிகளைத்தான் பார்க்கிறார் என்றெண்ணி, அவருக்கு இடம்விட்டு நான் சற்றே நகர்ந்து அமர்ந்தேன்.